கொடுத்த கை கூடவும் நிற்கட்டும்: மாற்றுத்திறனாளிகளும் தொழில் ஆதரவுச் சேவையும்





மாற்றுத்திறனாளிகளுக்குத் தருமம் செய்வதன் சிறப்பைப் பற்றி நாம் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். ரமழான் மாதம் வந்துவிட்டால் உலருணவுப் பொதிகள் அவர்களது வீடுகளைத் தேடிச் செல்கின்றன. சக்கர நாற்காலிகள் வழங்கப்படுகின்றன. தையல் இயந்திரங்கள் கையளிக்கப்படுகின்றன. இவற்றைச் செய்வோர் அனைவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

ஆயினும், ஆறு மாதங்கள் கழிந்த பின்னர் அந்தத் தையல் இயந்திரம் எந்த நிலையில் இருக்கின்றது என்று பார்த்து வரச் சென்றவர்கள் எத்தனை பேர்? அந்தச் சகோதரியின் கையில் துணியைக் கொடுத்து, தைத்துத் தாருங்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இயந்திரம் பழுதடைந்தபோது அதனைத் திருத்துவதற்கு அவர் யாரிடம் செல்வார்? தைத்த ஆடையை எந்தக் கடையில் கொடுப்பார்? இந்த வினாக்களுக்கு விடை இல்லையென்றால், நாம் கொடுத்தது ஒரு பொருள் மாத்திரமே. அந்தப் பொருளைத் தொழிலாக மாற்றும் உதவி இன்னமும் அவரைச் சென்றடையவில்லை. அந்த உதவிக்குத்தான் இன்று உலகம் தொழில் ஆதரவுச் சேவை என்று பெயரிட்டிருக்கின்றது. அது யாது, நமது வாவிக்கரை ஊர்களில் அதனை எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம் என்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

நமது மண்ணின் நிலை

நேயர்களே! உலக சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையொன்றுடன் வாழ்கின்றனர். இலங்கையில் 2012 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டிலே, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், ஏறக்குறைய 16 இலட்சம் பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளல் போன்ற ஏதோவொரு செயற்பாட்டில் சிரமமுடையோராகக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 71 வீதமானோர் தொழில் செய்யாதவர்களாகவும் தொழில் தேடாதவர்களாகவும் இருந்தனர். இவர்களுள் முதியோரும் உள்ளனர் என்பது உண்மையே. எனினும், கேட்டுப் பயனில்லை என்று தேடுவதையே கைவிட்டவர்களும் இந்தக் கணக்கினுள் இருக்கின்றார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நமது பிரதேசத்தில் இதற்குரிய காரணங்கள் பல. பிறவியிலேயே குறைபாட்டுடன் பிறந்தோர் உள்ளனர். இளம்பிள்ளை வாதத்தினால் கால் சூம்பியோர் உள்ளனர். 1993 ஆம் ஆண்டின் பின்னர் அந்நோய் இலங்கையில் பதிவாகவில்லை என்றாலும், அதற்கு முன்னர் பாதிக்கப்பட்டவர்கள் இன்று நடுவயதைக் கடந்து நம்மிடையே வாழ்கின்றார்கள். நீரிழிவினால் கால்களை இழப்போரும், வீதி விபத்துக்களில் முள்ளந்தண்டு முறிந்தோரும் இருக்கின்றனர்.

இவற்றுக்கு மேலாக யுத்தம் விட்டுச் சென்ற வடுக்கள் உள்ளன. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாயலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாயலிலும் தொழுகையில் நின்றோர் மீது நடாத்தப்பட்ட தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த சில நாட்களில் ஏறாவூர் அதே துயரைச் சந்தித்தது. ஷஹீதானவர்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம். காயத்துடன் உயிர் தப்பியவர்களோ ஆண்டு முழுவதும் அந்தக் காயத்துடனேயே வாழ்கின்றார்கள். துயரம் நம்மோடு மாத்திரம் நின்றுவிடவுமில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும், யுத்த காலம் நெடுகிலும் படுவான்கரைக் கிராமங்களிலும் நமது தமிழ்ச் சகோதரர்கள் உயிர்களையும் அவயவங்களையும் இழந்தனர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது அது எந்த இனத்தையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. நிலக்கண்ணிகள் அகற்றப்பட்ட மாவட்டமாக மட்டக்களப்பு பிரகடனப்படுத்தப்பட்டது 2017 ஆம் ஆண்டிலேயாகும். ஆகவே, மாற்றுத்திறனாளி என்பவர் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் அந்நியர் அல்லர். வாவியின் இரு கரைகளிலும், ஒவ்வொரு மஹல்லாவிலும், நம்மோடு ஸப்பில் நிற்பவர் அவர்.

மதீனாவிலிருந்து இரு முன்மாதிரிகள்

தொழில் ஆதரவு என்ற சொல் புதியதாக இருக்கலாம். அதன் கருத்து நமக்குப் புதியதன்று.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண்பார்வையற்ற ஸஹாபி. அல்குர்ஆனின் 80 ஆவது அத்தியாயமான அபஸவின் தொடக்க வசனங்கள் அவர் தொடர்பாகவே இறங்கின என்பதை நாம் அறிவோம். ஆனால் அவரது வரலாறு அந்த வசனங்களுடன் முடிந்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் அவரைப் பள்ளிவாயலின் முஅத்தின்களுள் ஒருவராக நியமித்தார்கள். தாம் மதீனாவை விட்டு வெளியே சென்ற சந்தர்ப்பங்கள் பலவற்றில் நகரத்தின் பொறுப்பையும், மக்களுக்குத் தொழுகை நடாத்தும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பமான விடயத்தைக் கவனியுங்கள். ஸுப்ஹுடைய அதான் சொல்வதற்கு வானில் வெளிச்சம் தோன்றுவதைக் காண வேண்டும். பார்வையற்ற ஒருவர் அதனை எவ்வாறு காண்பார்? காலை நேரம் வந்துவிட்டது என்று மக்கள் அவருக்கு அறிவிப்பார்கள். அதன் பின்னரே அவர் அதான் சொல்வார் என்று புகாரியில் இடம்பெறும் அறிவிப்பு கூறுகின்றது. ரமழானில் மக்கள் ஸஹர் உணவை நிறுத்துவதும் அவரது குரலைக் கேட்டே. அதாவது, அந்தத் தொழிலில் அவரால் இயலாத ஒரு சிறு பகுதியை மட்டும் மற்றொருவர் நிறைவு செய்தார். எஞ்சிய முழுப் பொறுப்பும் அவருடையதாக இருந்தது. பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பணி அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை. இன்றைய நிபுணர்கள் நியாயமான இடவசதி செய்து கொடுத்தல் என்று ஏடுகளில் எழுதுவது இதனைத்தான்.

இரண்டாவது சம்பவம் அபூதாவூதில் பதிவாகியிருப்பது. அதில் வரும் அன்ஸாரித் தோழர் மாற்றுத்திறனாளி அல்லர். வறுமையினால் யாசகம் கேட்டு வந்தவர். நபியவர்கள் முதலில் அவரது வீட்டில் என்ன இருக்கின்றது என்று விசாரித்தார்கள். ஒரு விரிப்புத் துணியும் நீர் அருந்தும் பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலத்தில் விட்டு இரண்டு திர்ஹங்களைப் பெற்றார்கள். ஒரு திர்ஹத்தைக் குடும்பத்தின் உணவுக்கும், மற்றையதைக் கோடரி வாங்குவதற்கும் ஒதுக்கினார்கள். கோடரிக்குத் தமது திருக்கரத்தினாலேயே பிடி பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், பதினைந்து நாட்கள் கழித்து வருமாறும் பணித்தார்கள். அவர் பத்துத் திர்ஹங்கள் சம்பாதித்தவராகத் திரும்பி வந்தார்.

இதில் எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். இருப்பதை விசாரித்தல், தொழிலைத் தெரிவு செய்தல், அந்த இடைக்காலத்தில் குடும்பம் பட்டினி கிடவாதிருக்க வழி செய்தல், கருவியைப் பயன்படுத்தத் தக்கதாக ஆக்கிக் கொடுத்தல், தவணை குறித்து மீண்டும் சந்தித்தல். நாம் பெரும்பாலும் கோடரியை வாங்கிக் கொடுப்பதுடன் நின்றுவிடுகின்றோம். பிடி போடுவதும், பதினைந்தாம் நாள் விசாரிப்பதும் விடுபட்டுப் போகின்றன.

தொழில் ஆதரவுச் சேவை என்பது யாது?

ஒரு காலத்தில் குறைபாடுடையோரை ஊரிலிருந்து பிரித்து வைப்பதே வழியென உலகம் கருதியது. நமது வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைந்ததும் அத்தகைய எண்ணம் நிலவிய காலத்தில்தான். பின்னர் மேலை நாடுகளில் தனியான தொழிற்கூடங்கள் தோன்றின. அங்கே ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்கள் வெளியிலுள்ள சாதாரண வேலைக்கு ஒருபோதும் போய்ச் சேரவில்லை. இந்த அனுபவத்திலிருந்து 1970 களிலும் 1980 களிலும் அமெரிக்காவில் புதியதொரு முறை பிறந்தது. ஆளை முதலில் உண்மையான வேலைத்தளத்திலேயே அமர்த்த வேண்டும், பயிற்சியை அங்கேயே கொடுக்க வேண்டும், அவர் காலூன்றும் வரை ஒரு துணைவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதே அம்முறையின் சாரமாகும். இது ஐந்து படிகளைக் கொண்டது.

முதலாவது, ஆளை அறிதல். இவருக்கு என்ன இயலாது என்று கேட்பதற்கு முன்னர், என்ன இயலும், எதில் விருப்பம், எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கலாம், வீட்டிலிருந்து எவ்வாறு வந்து போவார் என்பவற்றை விசாரிப்பதாகும். கண் தெரியாதவர் எல்லோரையும் கதிரை பின்னவும், கால் இயலாதவர் எல்லோரையும் தையலுக்கும் அனுப்பிவிடுவது அறிதலாகாது.

இரண்டாவது, தொழிலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல். அமெரிக்கக் கல்வியாளர் மார்க் கோல்ட் 1970 களில் இதனைச் செய்து காட்டினார். கற்பிக்கவே முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த, கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடுடையோருக்கு அவர் சைக்கிள் பிரேக்கின் உதிரிப்பாகங்களைப் பொருத்தக் கற்பித்தார். படிகள் போதிய அளவு சிறியனவாக இருந்தால் கற்க முடியும் என்பதே அவர் நிறுவிய உண்மை. நமது ஊரின் மசாலைத் தூள் பொதி செய்யும் வேலையை எடுத்துக்கொள்வோம். பையைத் திறத்தல், தராசில் வைத்தல், குறித்த கோடு வரை நிரப்புதல், வாயை ஒட்டுதல், பெட்டியில் அடுக்குதல் என்று அதனைப் பிரிக்கலாம். எண் வாசிக்கத் தெரியாத ஓர் இளைஞர், தராசின் முகப்பில் சிவப்பு நிறத்தில் ஒரு கோடு இட்டுக் கொடுத்தால் இவ்வேலையைச் சரிவரச் செய்யக்கூடும்.

மூன்றாவது, வேலைத்தளத்தைச் சீர்செய்தல். வாசற்படிக்கு ஒரு சாய்தளம், எட்டும் உயரத்தில் ஓர் இறாக்கை, நின்று செய்யும் வேலைக்கு ஓர் உயரமான ஆசனம், செவிப்புலனற்ற ஊழியருக்குக் கைத்தொலைபேசியில் எழுத்து மூலம் கட்டளை. இவற்றுட் பலவற்றுக்குப் பெருஞ்செலவு ஏற்படுவதில்லை. பார்வையற்றோருக்குக் கணினித் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், பார்வையற்ற இரு அவுஸ்திரேலியர்களால் 2006 ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கப்பட்டது. அது இலவசமாகக் கிடைக்கின்றது; தமிழையும் வாசிக்கின்றது.

நான்காவது, வேலைத்துணைவர். இவர் முதல் சில வாரங்கள் உடனிருந்து வேலையைக் காட்டிக் கொடுப்பார். முதலாளிக்கும் சக ஊழியர்களுக்கும் இவருடன் எவ்வாறு பழகுவது என்று விளக்குவார். நாள் செல்லச் செல்லத் தமது உதவியைக் குறைத்துக்கொண்டே வருவார். வேலைத்துணைவர் தேவையற்றுப் போவதே அவரது வெற்றியாகும்.

ஐந்தாவது, தொடர்ந்து விசாரித்தல். பலர் வேலையை இழப்பது வேலை தெரியாமையினால் அல்ல. பஸ் நேரம் மாறியிருக்கும். சக்கர நாற்காலியின் சில்லுப் பழுதடைந்திருக்கும். கிளினிக் செல்ல விடுமுறை கேட்க வெட்கப்பட்டு வேலையையே விட்டிருப்பார். மனநோயிலிருந்து தேறி வருவோர் விடயத்தில் இது மிகவும் முக்கியமானது. அவர்களுக்கென 1990 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உருவான முறை, சிகிச்சை அளிப்போரும் வேலை தேடிக் கொடுப்போரும் ஒரே குழுவாக இயங்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றது. மாதத்தில் ஒரு நாள் மருந்தெடுக்க விடுமுறை கிடைத்தால், எஞ்சிய நாட்கள் முழுவதும் உழைக்கக்கூடிய ஓர் ஊழியர் கிடைக்கின்றார்.

நாட்டின் சட்டம் என்ன சொல்கின்றது?

அரசாங்கத்தினால் வழங்கப்பட்டுள்ள உரிமைகளை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையின்படி, அரச துறையின் வெற்றிடங்களில் 3 வீதம், உரிய தகைமையுடைய மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும். அவர்களது குறைபாடு அந்தக் கடமைக்கு இடையூறாக இருத்தலாகாது என்பது அதன் நிபந்தனை. தகைமை என்ற சொல்லில்தான் நமது பொறுப்பும் அடங்கியிருக்கின்றது. பாடசாலைக்கே அனுப்பப்படாத பிள்ளைக்கு இந்த 3 வீதம் எவ்விதத்தில் பயன்படும்? அயல் நாடாகிய இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம் அரச பணிகளில் 4 வீதத்தை ஒதுக்குகின்றது. அது சட்டம், நமது நாட்டில் இருப்பது சுற்றறிக்கை. இந்த வேறுபாட்டினால்தான், நம்மவர்கள் அதனை விழிப்புடன் கேட்டுப் பெற வேண்டியவர்களாக இருக்கின்றார்கள்.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், தொழிலுக்கு ஆட்சேர்க்கும்போதோ கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போதோ இயலாமையைக் காரணங்காட்டிப் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கின்றது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். 2003 ஆம் ஆண்டு இயலாமை தொடர்பான தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27 ஆவது உறுப்புரை, ஏனையோருடன் சமமாகத் தொழில் புரியும் உரிமையைப் பற்றியதாகும்.

வேதனத்திலும் வேறுபாடு இருத்தலாகாது. பரிதாபப்பட்டு வேலை கொடுத்தோம் என்ற எண்ணத்தில் அரைச் சம்பளம் கொடுப்பது அநீதியாகும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதுபவருக்கும் இவை உரியன.

உதவி தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் தமது பிரதேச செயலகமாகும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, மாற்றுத்திறனாளியின் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுயதொழில் உதவி, உபகரணங்கள், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்கள் அவ்வழியாகவே செல்கின்றன. சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென விடுதி வசதியுடன் கூடிய தொழிற்பயிற்சி நிலையங்களை நடாத்தி வருகின்றது. வறிய மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2024 ஆம் ஆண்டு 7,500 ரூபாவாகவும், 2025 ஆம் ஆண்டு 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இது உயிர் வாழ உதவும் தொகை. குடும்பம் ஒன்றைத் தாங்குவதற்கு உழைப்பு வேண்டும்.

வழிகாட்டும் அயல் அனுபவங்கள்

இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று சிலர் ஐயுறலாம். தமிழ் பேசும் மண்ணிலிருந்தே இரண்டு உதாரணங்களைக் கூறுவோம்.

யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் மாற்றுத்திறனாளிகள் புனர்வாழ்வு நிறுவனம், யுத்தத்தின் மிக மோசமான ஆண்டுகளிலும் செயற்கைக் கால்களை உற்பத்தி செய்து பொருத்தி வந்தது. காலைக் கொடுத்ததுடன் கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், பயனாளிகளின் தொழில் முயற்சிகளுக்கும் கைகொடுத்து வந்துள்ளது.

தமிழ்நாட்டின் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில், 1981 ஆம் ஆண்டு அமர் சேவா சங்கம் உருவானது. அதனை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975 ஆம் ஆண்டு கடற்படைத் தேர்வின் இடையே நிகழ்ந்த விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தன்னைத் தானே அசைத்துக்கொள்ள இயலாத ஒருவர், கிராமமொன்றில் சில பிள்ளைகளுடன் ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார். அது பின்னர் சிகிச்சையும் கல்வியும் தொழிற்பயிற்சியும் ஒருங்கே வழங்கும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 2020 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு கிராமத்தில் இது சாத்தியமானதென்றால், வியாபாரமும் கைத்தறியும் மீன்பிடியும் நெல்லாலைகளும் நிறைந்த நமது ஊர்களில் ஏன் சாத்தியமாகாது?

நாம் என்ன செய்யலாம்?

வியாபாரச் சகோதரர்களே! உங்கள் கடையின் வேலைகளை ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டு எழுதுதல், தொலைபேசியில் கட்டளை பெறுதல், துணிகளை அளவு வாரியாக மடித்து அடுக்குதல், விலைச்சீட்டு ஒட்டுதல், களஞ்சியக் கணக்குப் பார்த்தல் என்று பத்து வேலைகளேனும் அகப்படும். அவற்றுள் கால் தேவையற்றவை எவை, காது தேவையற்றவை எவை, கண் தேவையற்றவை எவை என்று குறியுங்கள். பின்னர் ஒரே ஒருவரை மூன்று மாத காலத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். வேகம் குறையுமே என்று நீங்கள் அஞ்சலாம். முதல் மாதம் குறையக்கூடும். எந்தப் புதிய ஊழியருக்கும் அவ்வாறே. தமக்கு வாய்ப்புக் கிடைப்பது எவ்வளவு அரிது என்று அறிந்த ஒருவர் அந்த வேலையை எளிதில் விட்டுச் செல்லமாட்டார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கொழும்பில் இலங்கைத் தொழில் தருநர் சம்மேளனம் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கமர்த்துவதற்கெனத் தனியான வலையமைப்பொன்றை உருவாக்கியமை, இது தருமக் கணக்கில் மட்டும் எழுதும் விடயமன்று என்பதைக் காட்டுகின்றது.

பள்ளிவாயல் நிருவாகிகளே! ஸகாத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது அல்மஜ்மூஃ நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கத் தேவையான அளவு, அது சிறிதாயினும் பெரிதாயினும், ஸகாத்திலிருந்து கொடுக்கலாம் என்ற கருத்தை விளக்கியிருக்கின்றார்கள். பத்துப் பேருக்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து, பத்துப் பேரையும் அடுத்த ஆண்டும் அதே வரிசையில் நிற்க வைப்பதிலும் பார்க்க, ஓரிருவரை முழுமையாக நிலைநிறுத்துவது அறிவுடைமையாகும். ஒவ்வொரு மஹல்லாவிலும் மாற்றுத்திறனாளிகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கப்படட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், நேரமுள்ள வாலிபர்களும் வேலைத்துணைவர்களாகப் பொறுப்பேற்கட்டும். உதவி பெற்றவரை முதலாம், மூன்றாம், ஆறாம் மாதங்களில் சந்தித்து விசாரிப்பது ஸகாத் குழுவின் கடமைகளுள் ஒன்றாக எழுதப்படட்டும். பள்ளிவாயலின் வாசலிலேயே ஒரு சாய்தளம் அமையுமாயின், ஊரிலுள்ள கடைகளுக்கு அதுவே முதற் பாடமாக இருக்கும்.

போக்குவரத்தையும் நாம் மறந்துவிடலாகாது. 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, அவ்விடத்தில் வாவியைக் கடக்க விரும்பியோர் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். சக்கர நாற்காலியுடன் அதில் ஏறி இறங்குவது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும்? பாலம் வந்துவிட்டது; ஆயினும் வீட்டிலிருந்து பிரதான வீதி வரையுள்ள மணல் ஒழுங்கை அப்படியே இருக்கின்றது. ஒரே திசையில் வேலைக்குச் செல்லும் இருவர் மூவருக்கு ஒரு முச்சக்கரவண்டியை மாதக் கணக்கில் ஒழுங்கு செய்து கொடுப்பதும் தொழில் ஆதரவேயாகும்.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் அன்பினால் பிள்ளையை வீட்டினுள் பூட்டி வைத்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகள் விடயத்தில் இந்த அச்சம் இன்னும் அதிகமாக இருக்கின்றது. பெண்களே பயிற்றுவிக்கும் இடங்களையும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தையல், கணினித் தட்டச்சு, உணவுப் பண்டத் தயாரிப்பு போன்றவற்றையும் நாடலாம். அவள் உழைத்த பணம் அவளது கையிலேயே இருக்கட்டும். நமக்குப் பின்னர் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்று இரவில் கண்ணீர் வடிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். அந்தக் கேள்விக்கான விடையைப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே தேடத் தொடங்க வேண்டும். பிள்ளையின் கையில் ஒரு தொழில் இருப்பது அந்த விடையின் பெரும்பகுதியாகும்.

மாற்றுத்திறனாளிச் சகோதர சகோதரிகளே! நீங்களும் உங்கள் உரிமையைக் கேட்கத் தயங்காதீர்கள். ஒருமுறை மறுக்கப்பட்டால் மறுமுறை கேளுங்கள். சங்கங்களாக ஒன்றுசேர்ந்து கேளுங்கள். இன பேதமின்றி, வாவியின் இரு கரையிலுள்ளோரும் ஒன்றாகச் சென்று கேட்கும்போது அக்குரல் வலுவடையும்.

நிறைவாக

கண்ணியத்துக்குரிய நேயர்களே! ஒரு மனிதரின் தேவையை ஒரு நாள் நிறைவேற்றுவதும் நன்மையே. அவர் தமது தேவையைத் தாமே நிறைவேற்றி, பிறருக்கும் கொடுக்கும் நிலைக்கு உயர்வதற்கு உதவுவது அதனிலும் பெரிய நன்மை. இன்று ஸகாத் பெறுபவர் நாளை ஸகாத் கொடுப்பவராக மாற வேண்டும். மதீனாவின் மக்கள் பார்வையற்ற ஒருவருக்குக் காலை நேரம் வந்துவிட்டதை அறிவித்தார்கள். அவரது குரல் அந்த நகரம் முழுவதையும் தொழுகைக்கு அழைத்தது. நமது ஊர்களிலும் அவ்வாறான குரல்கள் வீடுகளுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்குக் காலை நேரத்தை அறிவிப்பவர்களாக நாம் இருப்போமாக.

யா அல்லாஹ்! எங்களில் நலிவுற்றோருக்கு ஹலாலான வாழ்வாதாரத்தை வழங்குவாயாக. வசதியுள்ளோரின் உள்ளங்களை அவர்கள்பால் திருப்புவாயாக. கொடுக்கும் கைகளுக்கு, கூடவே நிற்கும் பொறுமையையும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.